ஐம்பது ரூபாய்ப் பொட்டலம்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில் நடந்து, புளியந்தோப்புக்கு அப்புறம் இடது கைப்பக்கம் இறங்கினால் எங்கள் ஊர். அங்கே ராமக்கா என்று ஒருத்தி இருந்தாள். ஆடு மேய்ப்பாள், களை எடுப்பாள், கேழ்வரகு அறுப்புக்குப் போவாள். கையளவு நிலம் இருந்தது, அதில் விளைந்ததைவிட அதைப் பற்றி அவள் பேசுகிற பேச்சுதான் அதிகம். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் அவள் புருஷன் மாது மலாய்க்குக் கப்பலேறிவிட்டான்.

அது முப்பத்தாறாம் வருஷம். மழை பொய்த்திருந்தது. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருவன் வந்து, அங்கே பால் மரத்தில் வடிகிறது, பணம் கையில் வடிகிறது என்று சொல்லி நாலைந்து பேரை நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப் போனான். மாது மூன்று வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். பேச்சளவில் மலாய்க்கு யாருமே மூன்று வருஷத்துக்கு மேல் போனது கிடையாது.

எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் என் அப்பா பச்சியப்பனும் ஒருவர். அவர் கையெழுத்தை அவரைத் தவிர யாரும் படிக்க முடியாது என்பது என் அம்மாவின் கட்சி. ஆனாலும் ஊர்க் காகிதமெல்லாம் அவரிடம்தான் வரும். மாதுவின் காகிதங்களும் அப்படி வந்தன. அங்கே கங்காணியின் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுப்பதால் எல்லாக் காகிதமும் ஒரே மாதிரி இருக்கும். இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும், அவ்வளவுதான். அதைக் கேட்பதற்கு ராமக்கா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வருவாள்.

முப்பத்தொன்பது கடைசியில் வந்த காகிதத்தில்தான் இரண்டு வரி வேறு குரலில் இருந்தது. இங்கே மூன்று வேளையும் அரிசிச் சோறுதான், களி தின்று எத்தனை காலமாயிற்று, நாக்குச் செத்துப்போயிற்று என்று மாது சொன்னதைக் கணக்குப்பிள்ளை அப்படியே எழுதிவிட்டான் போலும். அடுத்த வருஷம் கப்பலுக்குப் பணம் சேர்ந்துவிடும், வந்துவிடுகிறேன் என்றும் இருந்தது. அரிசிச் சோறு கிடைக்கிறதென்று ஒருவன் அழுவதை நாங்கள் அன்றுதான் கேட்டோம். அம்மா சிரித்தாள். ராமக்கா சிரிக்கவில்லை. அந்த இரண்டு வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள், பிறகு இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

அந்த நாளில் ஊரில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு லயம் பெண்பிள்ளைகள் உண்டு, மாதுவுக்கும் ஒருத்தி அமைந்திருப்பாள், அதனால்தான் ஆளைக் காணோம் என்றார்கள். அது ராமக்காவின் காதுக்கும் போயிற்று. காதுக்குப் போக வேண்டும் என்றுதானே பேசினார்கள். அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கேழ்வரகை எடுத்துப் புடைத்தாள். வாயில் போட்ட களி தொண்டையில் இறங்குவதற்குள் அவன் கப்பல் ஏறிவிடுவான் என்று அவள் நம்பினாள். அவனைத் திருப்பிக் கொண்டுவர அவளிடம் வேறு எதுவும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

கேழ்வரகை மாவாக அரைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு அப்பாவோடு பென்னாகரம் தபாலாபீசுக்குப் போனாள். அங்கே இன்னாசி என்று ஒரு குமாஸ்தா, பொறுமைசாலி. அவர் பொட்டலத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடல் தாண்டிப் போகிற பார்சலை வாழை நாரில் கட்டி அனுப்ப முடியாது. மாவு சிந்தாமல் தகர டப்பாவில் அடைக்க வேண்டும், மேலே துணி சுற்றித் தைக்க வேண்டும், தையல் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்த வேண்டும். விலாசம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். உள்ளே காகிதம் ஒன்றும் வைக்கக் கூடாது, சொல்ல வேண்டியதைத் தனியாகத் தபால் தலை ஒட்டித்தான் சொல்ல வேண்டும். இவ்வளவையும் அவர் சொல்லி முடித்தபோது, புகுந்த வீட்டுக்குப் பெண்ணை அனுப்பக்கூட இத்தனை கேட்க மாட்டார்களே என்றாள் ராமக்கா.

பார்சல் கூலியைக் கேட்டு அப்பாவுக்கு மயக்கமே வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று இன்னாசியே சொல்லிச் சிரித்தார். மூன்று ராத்தல் வரைக்கும் ஒரு கூலி. அதற்கு ஒரு குன்றிமணி கூடினாலும் அடுத்த கூலி, அதைக் கட்டினால் ஏழு ராத்தல் வரை போகலாம். அவள் கொண்டுபோனது மூன்று ராத்தலுக்குச் சற்று மேலே நின்றது. கொஞ்சம் எடுத்துவிட்டால் மூன்றுக்குள் வந்துவிடும் என்று இன்னாசி யோசனை சொன்னார். எடுப்பதாவது! கூலி ஒன்றுதான் என்றால் ஏழு ராத்தலையும் நிரப்பாமல் விடுவாளா? பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த சந்தை நாளில் இரண்டு படி மாவு, அவரைக்கொட்டை, சந்தையில் வாங்கிய புதுத் துண்டு ஒன்று எல்லாம் அடைத்துத் தகரமும் துணியுமாகக் கொண்டுபோனாள். அரக்கின் மேல் காசை வைத்துக் குத்தக் கூடாது, உன்னுடைய அடையாளம் வேண்டும் என்று இன்னாசி சொல்ல, கையைக் கவிழ்த்துத் தன் வெள்ளிக் காப்பை அழுத்தினாள். மணிக்கட்டில் சுட்டுவிட்டது. அதைப் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் சுங்கச் சீட்டு வந்தது. உள்ளே என்ன, அதன் மதிப்பு என்ன என்று எழுதிப் பார்சலோடு அனுப்ப வேண்டும். துணிமணி, தின்பண்டம் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு இன்னாசி மதிப்பு கேட்டார். அப்பா மனசுக்குள் கூட்டிப் பார்த்து ஒன்றேகால் ரூபாய் தேறும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், ராமக்கா ஐம்பது ரூபாய் என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கல்யாணத்தில் சீர் வந்து இறங்கினால், ஒருவர் எழுந்து நின்று அதை ஊருக்குக் கேட்கச் சொல்வார். நாலு வள்ளம் கேழ்வரகு வந்திருந்தால் பத்து வள்ளம் என்பார். ஒரு வெள்ளாடு வந்திருந்தால் ஜோடி ஆடு என்பார். கண் முன்னால் ஒரே ஆடு நின்று கத்திக்கொண்டிருக்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்கிறவர் கூட்டிச் சொல்வார், கேட்கிறவர்கள் கழித்துக்கொள்வார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் அவமானம், கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும். அந்தச் சுங்கச் சீட்டையும் ராமக்கா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். தோட்டத்தில் ஆட்கள் நிற்கிற இடத்தில் யாரோ ஒருவர் எழுந்து அதைப் படிப்பார் என்று நினைத்தாள்.

இன்னாசி விளங்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ சொல்ற மதிப்புக்குத் தக்கன அங்க வரி கேப்பாங்க. வாங்கறவருதான் கட்டோணும். நெசத்தை எழுதிட்டுப் போயேன்."

"ஒண்ணேகால் ரூபான்னு நாலு பேரு நடுவுல படிச்சா, எங்க வூட்டுக்காரரு தலை கவுந்து போயிருமுங்க. ஐம்பதுன்னே போடுங்க."

அனுப்புகிறவர் சொல்வதை எழுதுவதுதான் சட்டம். எழுதினார். ராமக்கா கைநாட்டு வைத்தாள். அன்றைக்கே தனியாக ஒரு காகிதமும் போட்டாள். பொட்டலத்தில் என்ன என்பதை எழுத வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். பிரிக்கும்போது வாசனையே சொல்லட்டும் என்பது அவள் ஆசை. உமக்குப் பிடித்ததை அனுப்பியிருக்கிறேன், வந்து சேரவும் என்று மட்டும் அப்பா எழுதினார்.

அதற்குப் பிறகு அவள் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். ஆட்டை ரோட்டோரமாகவே மேய்த்தாள். பஸ் வந்தால் ஆட்டை விட்டுவிட்டு இறங்குகிறவர்களைப் பார்ப்பாள். கூரையை மாற்றினாள், சுவருக்குச் செம்மண் பூசினாள். படுக்கும்போது கதவுக்குத் தாழ் போடுவதில்லை, வருகிற மனுஷன் தட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்பாள். எனக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது இருக்கும். ஒரு ஆம்பளைக்காக ஒருத்தி இப்படி ஏங்குவதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். ஏக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாத வயசு அது.

ஒரு வருஷம் ஓடியது. மாது வரவில்லை. வந்தது பொட்டலம்.

துணி அழுக்கேறி, மேலே கண்டமேனிக்கு முத்திரைகள். விலாசதாரர் ஏற்க மறுத்ததால் திரும்புகிறது என்று எழுதியிருப்பதாக இன்னாசி படித்துச் சொன்னார். திரும்பி வந்த கூலியையும் அனுப்பியவர்தான் கட்ட வேண்டுமாம். இன்னாசி பாவம், அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார். ராமக்கா ஒரு கிடாக்குட்டியை விற்றுக் கட்டினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது மாவு முழுக்க வண்டு. கோழிக்குப் போட்டாள். துண்டைத் துவைத்துத் துணி இல்லாத ஒரு கிழவனுக்குக் கொடுத்தாள்.

மறுத்துவிட்டான் என்ற சொல் ஊர் முழுக்கப் பரவ எத்தனை நேரம் ஆகும்? அந்த ஒருத்திதான் வாங்க விட்டிருக்க மாட்டாள் என்று முடிவு செய்தார்கள். அப்பா மட்டும், வரி கட்ட முடியாமல் இருந்திருக்கும், ஒரு காகிதம் போட்டுக் கேட்டுவிடலாம் என்றார். ராமக்கா ஒப்பவில்லை. வேண்டாம் என்றவரிடம் ஏன் வேண்டாம் என்று கேட்பதற்குத் தன் அப்பன் தன்னை வளர்க்கவில்லை என்றாள். அங்கேயிருந்தும் காகிதம் வரவில்லை. ஒருவர் எழுதாததால் மற்றவரும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் ரோஷம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. அது வயிற்றை நிரப்புமா?

நாற்பத்திரண்டு தை மாசம் ஒரு நாள் விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காகிதம் எழுத வேண்டும் என்றாள். ரோஷம் ஒரு வருஷம் தாங்கியதே பெரிது. வேறு எவளாவது இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு தரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள், எங்கள் அம்மாவும் அழுதாள். அப்பா எழுதினார். அதை எடுத்துக்கொண்டு பென்னாகரம் போனால், மலாய்க்குத் தபால் எடுத்துக்கொள்வதில்லை என்றார் இன்னாசி. ஜப்பான்காரன் உள்ளே வந்துவிட்டான். கப்பல் கிடையாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தை நாளும் அவள் தபாலாபீசுக்குப் போவாள். ஜன்னலுக்கு வெளியே நின்று மலாய் திறந்தாயிற்றா என்று கேட்பாள். இன்னாசி இல்லை என்பார். காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு திரும்புவாள். காகிதம் வேர்வையில் நைந்து போகும். அப்பா புதுசாக எழுதிக் கொடுப்பார், அதே வாசகம்தான். சண்டை முடிவதற்குள் அப்பாவின் கையெழுத்தே கொஞ்சம் திருந்திவிட்டது என்று அம்மா சொன்னாள்.

நாற்பத்தாறில், சண்டை ஓய்ந்த மறு வருஷம், அரூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் பஸ்ஸில் வந்து இறங்கினான். பெயர் கருப்பண்ணன். மாதுவோடு ஒரே லயத்தில் இருந்தவன், கப்பலில் திரும்பி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ரோட்டில் இருந்தவர்களிடம், மாது சம்சாரத்தின் ஓட்டு வீடு எது என்று கேட்டிருக்கிறான். எங்கள் ஊரில் அப்போது ஓட்டு வீடு ஒன்றுதான், மணியக்காரர் வீடு. நேரே அங்கே போய் நின்றிருக்கிறான். அங்கிருந்து ஆள் போட்டு ராமக்காவின் கூரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்தவன் கதவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், இதுதானா என்று அழைத்து வந்தவரையே மறுபடியும் கேட்டான். சேதி தெரிந்து அப்பாவும் நானும் போனோம்.

அவன் வந்த காரியத்தை மறைக்கவில்லை. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். மாதுவும் அவனும் ஒன்றாகப் போனார்கள். அங்கே வாந்திபேதி வந்து மாது செத்துப்போனான். கூட இருந்து தான்தான் புதைத்ததாகச் சொன்னான். ராமக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்கள் சத்தம் போட்டு அழத் தொடங்கினார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள். ஐந்து வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட வேண்டும் அவளுக்கு.

"நான் அனுப்பிச்ச பொட்டலத்தை ஏனுங்க திருப்பினாரு?"

கருப்பண்ணனுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. தபாலாபீசிலிருந்து ஒரு சீட்டு வந்ததாம். அதில் பார்சலின் மதிப்பும் கட்ட வேண்டிய வரியும் மட்டும்தான் இருந்தன, உள்ளே என்ன என்று இல்லை. ஐம்பது ரூபாய்ச் சாமான் என்று கணக்குப்பிள்ளை படித்ததும் மாது அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு லயம் லயமாகக் காட்டினான். என் பெண்டாட்டி அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி அவன் சிரித்ததைப் பார்க்க வேண்டுமே என்றான் கருப்பண்ணன். பிறகு டவுனுக்குப் போய்ப் பார்சலைக் கேட்டால், வரி பாதி மாசத்துச் சம்பளம். கையில் இருந்தது கப்பல் சீட்டுக்கு என்று சேர்த்த காசு மட்டும். அதை உடைத்தால் அந்த வருஷம் ஊருக்கு வர முடியாது. பொட்டலத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். சாமான் போனால் போகட்டும், நானே போய் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னானாம்.

செத்த செய்தி கேட்ட வீட்டில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. ராமக்கா சிரித்தாள். என்னை வேண்டாம் என்று திருப்பவில்லை, வருவதற்காகத்தான் திருப்பினார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஆறு வருஷம் ஊர் பேசிய பேச்சுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிறகு அவளுக்கே அடுத்த கேள்வி எழுந்தது. காசை உடைக்கவில்லை என்றால் ஏன் வரவில்லை?

கருப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வரத்தாங்க இருந்தான். போகப்போக யோசனை பண்ணிட்டான். ஐம்பது ரூபா சாமான் அனுப்பறாள்னா அவ வூட்ல எவ்வளவு இருக்கும், இந்நேரம் ஓட்டு வூடே கட்டியிருப்பா, அவ முன்னால நான் வெறுங்கையோட போயி நிக்கறதான்னு கேட்டான். இன்னொரு வருசம் இருந்து, அவளுக்கு ஒரு சங்கிலி பண்ணிக்கிட்டுப் போறேன், அதுவரைக்கும் காகிதம் எழுத மூஞ்சி இல்லேன்னான். அந்த வருசம் முடியறதுக்குள்ள ஜப்பான்காரன் வந்துட்டான்."

மாது இந்த ஊரில் பிறந்தவன். அவன் கல்யாணத்திலும் நாலு வள்ளத்தைப் பத்து என்றுதான் சொன்னார்கள். ஆனால் நாலு வருஷம் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்ததில், கேட்டதில் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்கு மறந்துவிட்டிருந்தது.

கருப்பண்ணனுக்கு அங்கே இருப்பது சங்கடமாக இருந்திருக்கும். ஏதாவது பேச வேண்டுமே என்று, அந்தப் பொட்டலத்தில் அப்படி என்ன இருந்தது, நகையா, பட்டா என்று கேட்டான். சயாமில் வேலைக்கு நடுவில்கூட அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதுண்டாம்.

"மாவு," என்றாள் ராமக்கா. "கேவுரு மாவு. ரெண்டு படி."

அவன் தோளில் இருந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டான். அவள் என் அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கச் சொல்வதுபோல நிதானமாகக் கேட்டாள்.

"ஒண்ணேகால் ரூபான்னு நெசத்தை எழுதியிருந்தா எங்க வூட்டுக்காரரு வந்திருப்பாருங்களா?"

அப்பா ஊருக்கே காகிதம் எழுதினவர், எதற்கும் ஒரு சமாதானம் சொல்லத் தெரிந்தவர். அன்று அவர் அவள் எதிரே வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.